இரவல் அடுப்பு: பெங்களூரில் வீட்டுக் கேக் வந்த வழி

பெங்களூர் வீடுகளில் கேக் செய்யும் வழக்கம் பரவாமல் நெடுங்காலம் தடுத்தது அடுப்பு. மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் எல்லாம் சந்தையில் கிடைத்தன. ஆனால் தென்னிந்தியச் சமையலறையின் அடுப்பு கீழிருந்து மட்டும் சூடு தருவது. அதில் கொதிக்க வைக்கலாம், ஆவியில் அவிக்கலாம், வறுக்கலாம், பொரிக்கலாம். கேக்குக்கு 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையிலான உலர்ந்த சூடு மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரே சீராகப் படவேண்டும். அப்படிச் சூடு தரும் அடுப்புக்குத் தமிழில் வழங்கும் பெயரே இரவல்தான். இங்கே அது ‘அவன்’. யாழ்ப்பாணத்தில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல்லிலிருந்து ‘போறணை’. பெயரைப் போலவே பெங்களூர் குடும்பங்களுக்கு அடுப்பும் முதலில் இரவலாகத்தான் கிடைத்தது.

1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியது. கெம்பே கவுடா எழுப்பிய பழைய பேட்டைக்குக் கிழக்கே அல்சூர் ஏரிப் பக்கம் புதிய கண்டோன்மென்ட் எழுந்தது. உள்ளூர் வழக்கில் அதற்குத் ‘தண்டு’ என்று பெயர். படையோடு ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் வம்சத்திடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பேட்டைக்கும் தண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள். 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. ஒரே ஊரில் இரண்டு பேக்கரி மரபுகள் வளர்ந்ததற்கு இந்தப் பிரிவே காரணம்.

படைக்கு அன்றாடம் ரொட்டி வேண்டும். ரொட்டிக்குப் புளிப்பேற்றும் ஈஸ்ட் வேண்டும். ஐரோப்பாவில் பீர் வடிக்கும் இடத்து நுரை அதற்கு உதவியது. தென்னிந்தியாவில் அந்த வேலையைக் கள் செய்தது. கள்ளில் புளித்த மாவு விறகுச் சூளையில் ரொட்டியாகி விடியற்காலையில் பங்களாக்களுக்குப் போனது. கள் கிடைக்காத முகாம்களிலும் பயணங்களிலும் பேக்கிங் பவுடர் கைகொடுத்தது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1843இல் உருவாக்கியது அது. ஈஸ்ட் தன் மனைவியின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் அவர் அதற்கு மாற்றுத் தேடினார். வீட்டுக்காகச் செய்த ஏற்பாடு, படை முகாம்களுக்கும் பிறகு உலகம் முழுவதற்கும் பயன்பட்டது.

தண்டில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்கள், தமிழ்க் கத்தோலிக்கர்கள், கோவாக்காரர்கள் ஆகியோரின் வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் கட்டாயப் பண்டம். அதைக் கடையில் வாங்குவது செலவு. ரயில்வேயிலும் தந்தி அலுவலகத்திலும் சம்பளம் வாங்கிய குடும்பத்துக்கு, அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் பங்கு வைக்கப் பல கிலோ கேக் வேண்டியிருந்தது. எனவே வேலை இரண்டாகப் பிரிந்தது. பழங்களை நறுக்கி ரம்மில் ஊற வைப்பது, வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைப்பது, முட்டை அடிப்பது, நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிப் பாகாக்குவது எல்லாம் வீட்டில் நடந்தன. மாவு நிறைந்த தட்டுகள் தெருமுனைப் பேக்கரிக்குப் போயின. ரொட்டி எடுத்து முடிந்த சூளையில் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டை பேக்கரிக்காரர் சிறு கூலிக்கு இரவல் கொடுத்தார். தட்டு மாறிப்போகாமலிருக்க அவரவர் அடையாளம் வைப்பதும், மாவு திருட்டுப் போகாமலிருக்க வீட்டுப் பிள்ளை ஒன்று சூளை வாயிலில் காவல் நிற்பதும் அந்தக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் நினைவுகளில் அடிக்கடி வரும் காட்சிகள். தமிழ்த் தொழிலாளர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் நிறைந்திருந்த கோலார் தங்கவயலிலும் இந்த வழக்கம் இருந்தது.

சிக்கனம் கேக்கின் உள்ளேயும் புகுந்தது. சீமையிலிருந்து வரவேண்டிய சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோலுக்குப் பதில், பப்பாளிக் காயைச் சிறு கட்டங்களாக நறுக்கிப் பாகில் போட்டுச் சாயமேற்றினார்கள். அதுதான் டூட்டி ஃப்ரூட்டி. பாதாமின் இடத்தை முந்திரி பிடித்தது. மைதாவோடு ரவை கலந்தது. கேரளத்துத் தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாப்பு செய்ததே இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுகிறது. அதிலும் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழச்சாராயமே சேர்ந்ததாகக் கதை. இன்று ‘பாரம்பரிய பிளம் கேக்’ என்று கொண்டாடப்படும் சுவையில் பெரும்பங்கு, கிடைக்காததற்கு ஈடுகட்டிய பொருள்களின் சுவை.

சூளையை இரவல் கொடுத்த பேக்கரிகளின் உலகம் கலவையானது. ஃப்ரேசர் டவுன் மசூதி சாலையின் ஆல்பர்ட் பேக்கரி 1902இல் முகமது சுலைமான் தொடங்கியது. வெள்ளைக்கார வாடிக்கையாளர்களை மனத்தில் கொண்டே ஆங்கிலப் பெயர் வைத்தார். பி.ஓ. கோஷி 1940இல் தொடங்கிய பேக்கரி பின்னாளில் செயின்ட் மார்க்ஸ் சாலையின் புகழ்பெற்ற உணவகமாயிற்று. தமிழருக்கு நெருக்கமான பெயர் நீல்கிரிஸ். கோவைக்கும் நீலகிரிக்கும் இடையே ஆங்கிலேயரின் தபாலைச் சுமந்த முத்துசாமி முதலியார் 1905இல் தொடங்கிய வெண்ணெய் வியாபாரம் அது. 1936இல் பெங்களூர் பிரிகேட் சாலைக்கு வந்து பால்பண்ணைக் கடையாகி, பின்னர் பேக்கரியும் சூப்பர் மார்க்கெட்டுமாக வளர்ந்தது. வீட்டில் கேக் செய்பவருக்கு நம்பிக்கையான வெண்ணெய் ஒரே இடத்தில் கிடைத்தது சின்ன விஷயமல்ல.

பேட்டைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே சைவ உணவுக் குடும்பங்கள் முட்டையும் கள்ளும் பட்ட பண்டத்தைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கான பேக்கரியை உருவாக்கியவர்கள் ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்கார்கள். பல நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் வீட்டில் கன்னடம் கலந்த ஒரு தமிழைப் பேசுகிறவர்கள் அவர்கள். எச்.எஸ். திருமலாச்சார் சகோதரர்களுடன் சேர்ந்து 1898இல் சிக்பேட்டையில் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியே முதல் ஐயங்கார் பேக்கரி எனப்படுகிறது. முதலில் அது இனிப்புக் கடை. அங்கே வாடிக்கையாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ரொட்டி சுடக் கற்றுத் தந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிறகு ஊர்க்காரர்களும் உறவினர்களும் ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றுத் தெருவுக்குத் தெரு கடை வைத்தனர். காரா பன், தேங்காய்த் துருவல் அடைத்த தில்பசந்த், வெண்ணெய் பிஸ்கட், தேன் கேக், மசாலா தடவிய காங்கிரஸ் கடலை ஆகியவை அவர்கள் கொடை. பேட்டை நாக்கின் காரமும் தண்டின் மாவும் சேர்ந்த பண்டங்கள் இவை. ஐயங்கார் பேக்கரி என்ற பெயர் இன்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் பொதுப் பெயராகிவிட்டது. அந்த மரபின் வெற்றிக்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

ஐயங்கார் பேக்கரி வீட்டுச் சமையலறைக்குச் செய்த பெரிய உதவி, முட்டையில்லாமலும் கேக் உண்டு என்று காட்டியது. முட்டை கேக்கில் மூன்று வேலை செய்கிறது: அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது, வேகும்போது இறுகிக் கட்டமைப்புத் தருகிறது, கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்க்கிறது. இத்தனைக்கும் ஒரே மாற்றுப் பொருள் கிடையாது; வேலையைப் பங்கு போட்டுத்தான் கொடுக்கவேண்டும். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி மாவை உப்ப வைக்கும். தயிர் இல்லாமல் சோடா உப்பு மட்டும் போட்டால் சவர்க்கார வாடை அடிக்கும். கட்டமைப்புக்கு, வற்றக் காய்ச்சிய இனிப்புப் பாலின் புரதமும் சர்க்கரையும் உதவின. மில்க்மெய்ட் டப்பாவை வைத்துச் செய்யும் முட்டையில்லாக் கேக் இந்திய நடுத்தர வீடுகளில் பரவியதன் ரகசியம் இதுதான். தயிர் எப்போதும் இருக்கும் வீட்டில் இந்த வேதியியலை யாரும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இட்லி மாவையும் மோரையும் பார்த்து வளர்ந்த கைக்குப் புளிப்பின் அளவு தெரியும்.

இனி அடுப்பு. பேக்கரிச் சூளையை நம்பாமல் வீட்டிலேயே நாற்புறமும் சூடு உண்டாக்கும் முயற்சிகளில் பழையது தணல் முறை. அடிகனமான பாத்திரத்தைக் கரி அடுப்பில் வைத்து, தட்டையான மூடியின் மேலும் தணலைப் பரப்புவார்கள். பிரியாணிக்குத் ‘தம்’ போடும் அதே உத்தி. மேல் தணல் கூடினால் கேக் கருகும், குறைந்தால் நடுவில் பச்சையாக நிற்கும். இதனால் மணல் வந்தது. பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மணலைப் பரப்பிச் சூடேற்றினால், அது மெல்லச் சூடாகி மெல்ல ஆறும். தீ ஏறி இறங்கினாலும் தட்டுக்குப் போகும் சூடு சீராக இருக்கும். கடலை வறுப்பவரின் மணல் சட்டியை அறிந்த ஊரில் இது தானாகத் தோன்றக்கூடிய யோசனைதான்.

1950களின் கடைசியில் பிரெஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது. பிரஸ்டீஜ் குக்கரைச் செய்யும் டி.டி.கே. நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. குக்கரைச் செய்தவர்கள் நினைத்தது பருப்பும் சோறும். ஆனால் மூடி இறுக்கமாகப் பொருந்தும் கனமான அலுமினியப் பாத்திரம் வீட்டுக்கு வந்துவிட்டால், அது வேறு எதற்கெல்லாம் உதவும் என்று பெண்கள் பார்க்காமல் இருப்பார்களா? குக்கர் கேக் அப்படிப் பிறந்தது. அடியில் மணலோ பொடி உப்போ பரப்பி, அதன் மேல் தாங்கி வைத்து, கேக் தட்டை இறக்கி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடவேண்டும். வளையம் கழற்றுவது ருசிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. தண்ணீர் ஊற்றினால் வேலைக்காகாது: அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 120 டிகிரியோடு நின்றுவிடும், அதில் கேக் அவியுமே தவிர மேலே பொன்னிறம் வராது. வெற்றுக் குக்கரைச் சூடேற்றாதீர்கள் என்பது குக்கர் கம்பெனிகளின் எச்சரிக்கை. அதை மீறி அலுமினியம் கறுத்து, அடி வளைந்த குக்கர்கள் எத்தனையோ. அப்படியிருந்தும் தமிழ், கன்னடப் பெண்கள் பத்திரிகைகளில் குக்கர் கேக் குறிப்பு வராத டிசம்பர் இல்லை என்னுமளவுக்கு அது நிலைபெற்றது.

மின்சாரம் இதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1902இல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. 1905இல் பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஆனால் மின் அடுப்பு சாதாரண வீட்டுக்கு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூடியில் கண்ணாடிச் சாளரம் வைத்த வட்ட அலுமினிய அவன் முதலில் வந்தது. கல்யாணப் பரிசாகக் கிடைத்து, பாதி வீடுகளில் பரணில் தூங்கிய கருவி அது. பிறகு சதுரப் பெட்டியாக ஓ.டி.ஜி. வந்தது, மேல் கம்பி, கீழ் கம்பி, வெப்ப அளவுக் குமிழ் மூன்றும் சேர்ந்தன. தணலால் நூறாண்டு முயன்ற காரியம் ஒரு குமிழில் முடிந்தது.

அடுப்பு கிடைத்த பிறகு ஊரின் உயரம் ஒரு சிறு சிக்கல் தந்தது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. கேக்குக்குள் வாயு சற்று வேகமாக விரியும். சென்னையில் சரியாக வந்த பேக்கிங் பவுடர் அளவு இங்கே கொஞ்சம் மிகையாகி, உப்பிய கேக் நடுவில் குழி விழலாம். அளவைச் சிறிது குறைப்பதே மருந்து. இந்தக் குறைக்கு ஈடாக ஊரின் குளிர்ச்சி உதவுகிறது. வெண்ணெய் ஐசிங் சென்னை மே மாதத்தில் கண்ணெதிரே வழியும். பெங்களூரில் பெரும்பாலான மாதங்களில் பூவிதழ் பிழிந்தால் பூவிதழாகவே நிற்கும். கேக் அலங்காரம் இந்த ஊரில் தனிக்கலையாக வளர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

அலங்காரக் கைவேலை கேக்கோடு வந்ததும் அல்ல. கன்னட வீடுகளில் சங்கராந்திக்குச் செய்யும் ‘சக்கரே அச்சு’ அதைவிடப் பழைய வழக்கம். சர்க்கரைப் பாகில் பால் விட்டு அழுக்கை எடுத்து, பதம் வந்ததும், நீரில் ஊறவைத்த இரட்டை மர அச்சுகளை இறுகக் கட்டி அவற்றில் ஊற்றுவார்கள். மயில், யானை, கோவில் கோபுரம், துளசி மாடம் என வெள்ளைச் சர்க்கரை உருவங்கள் வரும். பாகு பதம் தவறினால் உருவம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது மயிலின் தலை தனியாக வரும். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை சேர்ந்த கலவையோடு இவற்றை வீடு வீடாகக் கொடுப்பது ‘எள்ளு பீருவது’. வெல்லத்தையும் கொப்பரையையும் ஒரே அளவுச் சிறு துண்டுகளாக நறுக்கும் வேலை டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். தசராவுக்குக் கொலுப்படி முன் முளைகட்டிய கேழ்வரகை வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, தீப்பெட்டியால் வீடு கட்டும் வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே. பிறந்தநாள் மேசையில் கேக் வந்து உட்காரும்போது, அதைச் சுற்றி அலங்கரிக்கும் கைகள் ஏற்கெனவே பழகியிருந்தன. ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டையில் கேக்கை வைப்பது, கிரேப் தாளை முறுக்கித் தோரணம் கட்டுவது, பொம்மையின் இடுப்புக்குக் கீழே கேக்கைப் பாவாடையாக்குவது எல்லாம் அந்தப் பழக்கத்தின் நீட்சி. 2016இல் கர்நாடக அரசு பிளாஸ்டிக் பை, தோரணம், தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றைத் தடைசெய்தபோது காகிதத் தோரணத்துக்கு மீண்டும் வேலை வந்தது.

தொழில்முறைப் பயிற்சியும் இந்த ஊரில் முன்பே வேர்விட்டது. ஹெப்பால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பேக்கரிப் பயிற்சிப் பிரிவு கடைக்காரர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் குறுகிய காலப் பாடங்கள் நடத்திவருகிறது. 1970களின் நடுவில் தொடங்கிய ஆண்டுக் கேக் கண்காட்சி கிறிஸ்துமஸ் காலத்தின் திருவிழாவாகவே ஆகிவிட்டது. டன் கணக்கான சர்க்கரையில் அரண்மனைகளையும் தேவாலயங்களையும் எழுப்பிக் காட்டும் அந்தக் கண்காட்சி 2024இல் ஐம்பதாம் பதிப்பைக் கண்டது. அங்கே வைப்பவற்றில் பெரும்பாலானவை தின்பதற்கல்ல, பார்ப்பதற்கு. ஆனால் சர்க்கரையை இழைக்கவும் பிசையவும் முடியும் என்று பார்த்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள் பலர் அடுத்த பிறந்தநாளுக்கு அதை முயன்று பார்த்தார்கள். 2012இல் தொடங்கிய லாவோன் பயிற்சி நிலையம் பிரெஞ்சுப் பாணிப் பேஸ்ட்ரியை முழுநேரப் படிப்பாக்கியது. கணினி வேலையை விட்டுவிட்டு மாவு பிசைய வந்த இளைஞர்கள் அதன் பிறகு ஊரில் அபூர்வமில்லை.

2020 மார்ச் 24 இரவு அறிவித்த ஊரடங்கு இந்த வரலாற்றைத் தலைகீழாக்கியது. கடைகள் மூடின, பிறந்தநாள்கள் நிற்கவில்லை. ஓ.டி.ஜி. பரணிலிருந்து இறங்கியது. வாழைப்பழக் கேக்கில் தொடங்கியவர்கள் புளித்த மாவு ரொட்டிவரை போனார்கள். முதலில் தம் வீட்டுக்கு, பிறகு பக்கத்து ஃபிளாட்டுக்கு, பிறகு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து ஊருக்கே என்று பலர் வளர்ந்தனர். வீட்டுக் கேக்கில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கும் அப்போது பலர் போட்டுப் பார்த்ததுதான். 1,500 வாட் அவன் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் செலவாவது ஒன்றரை யூனிட் மின்சாரம். வெப்பம் எட்டியதும் தானாக நின்று நின்று ஓடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. செலவில் பெரும்பங்கு வெண்ணெய்க்குப் போகிறது. எனவே சாதாரணக் கேக்கை வீட்டில் செய்தால் பணம் மிஞ்சும். சாக்லேட்டும் க்ரீமும் அடுக்கிய கேக்கில், அச்சும் முனையும் சுழல்மேசையும் வாங்கிய செலவைச் சேர்த்தால், முதல் வருடம் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்று வீட்டு மாவு கடைச் சூளைக்குப் போயிற்று. இன்று காபிக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பிரௌனி எங்கோ ஜெயநகரிலோ இந்திராநகரிலோ ஒரு வீட்டு அவனிலிருந்து வந்திருக்கக்கூடும். சட்டம் அந்த வீட்டையும் உணவுத் தொழில் நடக்கும் இடமாகவே கருதுகிறது. 2011ஆம் ஆண்டில் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த வீட்டுப் பேக்கரிக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும் என்றன. அதற்கு அவை விதித்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்.